செவ்வாய், சனி சார்ஜ் ஏறாது

குபேர லிங்கத்துக்கு எதிரில் என் வண்டி மறுபடியும் நின்றபோது, என் மடியில் ஒரு பத்து ரூபாய்க் காசு வந்து விழுந்தது.

போட்டவர் வெளியூர்க்காரர். மனைவி, பிள்ளைகளோடு கிரிவலம் போய்க்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் ஒருத்தி சாலையோரமாக உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் குபேர லிங்கத்துக்கு எதிரில். அவர் வேறு என்ன நினைப்பார்? அவர்மேல் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"சார், இந்தாங்க உங்க காசு. நான் லாட்ஜுல ரிசப்ஷன்ல வேலை செய்றேன். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன். ரூம் கீம் வேணும்னா சொல்லுங்க, போட்டுத் தரேன்."

மனுஷன் வெலவெலத்துப் போனார். அவர் மனைவி, "மன்னிச்சிடுங்கம்மா" என்று காசை வாங்கிக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போனபின் அவர் திரும்பிப் பார்த்தார். நான் முறைத்தேன்.

முறைத்து என்ன செய்ய? வண்டி நகரவில்லை. என் நாற்காலிக்கு முன்னால் மோட்டார் வைத்த சக்கரம் ஒன்றை நானே பூட்டியிருக்கிறேன். பழைய லேப்டாப்புகளிலிருந்து எடுத்த லித்தியம் செல்களை ஒவ்வொன்றாக அளந்து, தேறியவற்றை மட்டும் அடுக்கிப் பேட்டரி கட்டியதும் நான்தான். அதற்குச் சார்ஜரும் நானே செய்தது. கடையில் விற்பது எனக்குக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் வாங்கியிருக்க மாட்டேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். கடைசி வருஷம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேன் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே போய்விட்டது. படிப்பு இடுப்புக்கு மேலே இருந்ததால் தப்பித்தது.

எங்கள் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து லாட்ஜுக்குக் காலையில் ஜம்மென்று போவேன். திரும்பி வரும்போதுதான் தகராறு. எல்லா நாளும் இல்லை. சில நாள் வீட்டு வாசல் வரை சிங்கம்போல வரும். சில நாள் ஈசான்ய லிங்கம் தாண்டியதும் முனகும், குபேர லிங்கத்தில் படுத்துவிடும்.

அன்றைக்கு ராஜா அண்ணன் தன் லோடு ஆட்டோவை என் பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் ஊர்க்காரர். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நாற்காலியோடு என்னைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினார்.

"கவி, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணா."

"நீ நிக்கறதெல்லாம் செவ்வாய், இல்லன்னா சனி. நான்தான தெனம் பாக்கறேன்? இன்னிக்கும் சனிக்கெழமதான்."

"கரண்டுக்குக் கெழம தெரியுமாண்ணா?"

"தெரியாதுதான்" என்றார். "ஆனா நிக்குதே."

வீட்டுக்கு வந்து கோபத்தோடு யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நின்றதெல்லாம் செவ்வாய் அல்லது சனி. ஒரு புதன் கிடையாது, ஒரு வியாழன் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல் கெட்டது என்றால் மாற்றலாம், ஒயர் விட்டது என்றால் பற்றவைக்கலாம். கிழமை கெட்டது என்றால் யார் என்ன செய்ய?

அம்மாவுக்கு இது போதாதா? "நான் ஆரம்பத்துலயே சொல்லல? செவ்வாய் வெறுவாய்னு சும்மாவா சொன்னாங்க? அந்த ரெண்டு நாளும் லீவு சொல்லிடுடி."

"வாரத்துல ரெண்டு நாள் லீவு குடுக்கறதுக்கு லாட்ஜு என்ன மாமியார் வீடா?"

அம்மா பெயர் அன்புச்செல்வி. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். நான் எத்தனை கத்தினாலும் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்துவிட்டுத்தான் பதில் பேசுவாள்.

மறுநாள் ஞாயிறு, எனக்கு லீவு. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் அண்ணன் கோபி விடிந்ததும் வந்து நின்றான். அம்மாதான் போன் போட்டிருக்கிறாள். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"உன் மடியில எவனோ காசு போட்டானாமே?"

ராஜா அண்ணன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"போட்டான். திருப்பிக் குடுத்துட்டேன்."

"போதும் கவி. வேலைக்குப் போய்தான் ஆவணும்னு இங்க யாரும் அழல. நான் பாத்துக்க மாட்டனா உன்ன? பேசாம வீட்ல இரு."

'பேசாமல் வீட்டில் இரு.' விபத்துக்குப் பிறகு அப்படித்தான் இருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு. இப்போது லாட்ஜில் நான்தான் சாவி கொடுக்கிறேன். சண்டை போடுகிற கஸ்டமர்கூட என்னிடம் "மேடம்" என்றுதான் சண்டை போடுகிறான். அதை விட்டுவிட்டு மறுபடி அந்தச் சுவரா? வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"வர செவ்வாக்கெழம வண்டியில போறேன், வண்டியிலயே வீட்டுக்கு வரேன். நடுவுல நின்னுச்சுன்னா வேலைய விட்டுடறேன். சத்தியம்."

அண்ணன் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். "அன்னிக்கு சாயந்தரம் நான் இங்கதான் இருப்பேன்" என்றான். அவன் பைக் சத்தம் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. புதன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்கொழுப்பு சேலையில் வடிந்த கதை.

சரி, சொன்னது சொன்னதுதான். பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

இதற்கு முன்பே நான் பார்க்காத இடம் இல்லை. வண்டி நிற்கிற நாளின் காலையில் பேட்டரியை அளந்தால் கொஞ்சம் கம்மியாகக் காட்டும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் கம்மி. பழைய செல்தானே, ராத்திரியில் தானாக இறங்குகிறது என்று நினைத்துச் சந்தேகப்பட்ட செல்களை மாற்றினேன். பிறகு சார்ஜரைச் சந்தேகப்பட்டேன். காலையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் அது இருபத்தைந்து புள்ளி இரண்டு வோல்ட் என்று கச்சிதமாகக் காட்டும். ஆறு அடுக்குப் பேட்டரிக்கு அதுதான் சரியான அளவு. ஒரு புள்ளி கூடாது, குறையாது. அதன்மேல் பழி போட வழியே இல்லை.

அன்று மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். ஒயர் முனைகளைப் புதிதாகப் பற்றவைத்தேன். பகலெல்லாம் சார்ஜ் போட்டேன். முழுசாக ஏறியது. சாயந்தரம் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த ஈசான்ய லிங்கம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். ஒரு முனகல் இல்லை. டாக்டர் வீட்டுப் படியேறியதும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி என் வண்டி சிரித்துக்கொண்டு நின்றது.

"இன்னிக்கு ஞாயிறு" என்றாள் அம்மா. "செவ்வாக்கெழம பாரு."

"செவ்வாக்கெழமயும் பாக்கறேன்."

ராத்திரி படுத்தபடி ஒன்றை யோசித்தேன். செவ்வாய் ஓடுகிற கரண்டு திங்கள் சாயந்தரம் ஏறியது. சனிக்கு ஓடுவது வெள்ளி சாயந்தரம் ஏறியது. ஆக, கோளாறு செவ்வாயிலும் சனியிலும் இல்லை. திங்களிலும் வெள்ளியிலும் இருக்கிறது. நான் முட்டாள்தனமாக மறுநாள் காலையில் சார்ஜருக்கு நாடி பிடித்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் முந்தின நாள் சாயந்தரமே வந்து போய்விடுகிறது.

திங்கள் வேலை முடிந்து வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது, சாம்பிராணி வாசனை. திங்களும் வெள்ளியும் எங்கள் வீடு இப்படித்தான் இருக்கும். நான் முகம்கூடக் கழுவவில்லை. கூடத்து மூலையில் என் சார்ஜர் இருக்கிறது. சூடாகக் கூடாது என்பதற்காக மூடியில்லாத பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் அதை வைத்திருந்தேன். எப்போதும் வந்தவுடன் பேட்டரியை மாட்டி, சுவிட்சைத் தட்டிவிட்டு, காபிக்குக் கத்துவேன். இன்று பேட்டரியை மாட்டவில்லை. சுவிட்சை மட்டும் போட்டு மீட்டரை வைத்தேன்.

இருபத்து மூன்று புள்ளி நான்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான். காலையில் இருபத்தைந்து புள்ளி இரண்டு காட்டிய அதே சார்ஜர்!

"அகப்பட்டியா திருட்டுப் பயலே!" என்று கத்தினேன். அம்மா அடுக்களையிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"யாருடி? யாரு திருடன்?"

"பொறும்மா."

எது சூடாகிறது என்று பார்க்கச் சுவிட்சை அணைத்து, சர்க்யூட் பலகையின் மேல் விரலை ஓட்டினேன். எல்லாம் சில்லென்று இருந்தன. ஒரு இடத்தில் மட்டும் விரல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தேன். சந்தனம். நடுவில் குங்குமம். பன்னீர் வாசனை.

எங்கள் பக்கத்து வீடுகளில் பொட்டு இல்லாத சாமான் எது? நிலைப்படிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் பொட்டு, மோட்டார் கொட்டகை சுவிட்சுக்கும் பொட்டு. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, பொட்டு என்பது கண்ணில் படாத பொருளாகவே ஆகிவிட்டது. அந்தச் சார்ஜரை நான் எத்தனை முறை பிரித்திருப்பேன்! காய்ந்துபோன குங்குமத்தை ஊதித் தள்ளிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கோளாறு தேடியிருக்கிறேன்.

அம்மா பொட்டு வைத்திருந்த இடம் அப்படி. பலகையில் நீல நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது; தலையில் பித்தளைத் திருகு. எத்தனை வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதை அந்தத் திருகைத் திருப்பித்தான் வைக்கிறோம். ஈரச் சந்தனம் அதன்மேலிருந்து வழிந்து அதன் கம்பிக் கால்களுக்கு நடுவில் இறங்கியிருந்தது. ஈரத்தில் கரண்டு கசியும். கசிந்தால் சார்ஜருக்குப் பொய்க் கணக்கு போகும். முக்கால் வயிறு நிறைந்த பேட்டரியை 'போதும், நிறைஞ்சிடுச்சு' என்று நிறுத்திப் பச்சை விளக்கைப் போட்டுவிடும். காலையில் சந்தனம் காய்ந்திருக்கும், கசிவும் நின்றிருக்கும். நான் மீட்டரை வைப்பேன். எல்லாம் கச்சிதம்!

கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் ஒன்று அலமாரியில் கிடந்தது. பஞ்சில் நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். ஊதிக் காயவைத்துச் சுவிட்சைப் போட்டேன். இருபத்தைந்து புள்ளி இரண்டு.

ஆனால் ஒரு தரம் சரியானதை வைத்து நம்பக் கூடாது. கோளாறைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தால்தான் அது கோளாறு. சுவிட்சை அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா, இங்க வா. எங்க வெப்பியோ, அங்கயே இன்னொரு பொட்டு வை."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே குனிந்து, மோதிர விரலால் தொட்டு வைத்தாள். சுவிட்சைப் போட்டு மீட்டரை அவள் பக்கம் திருப்பினேன். இருபத்து மூன்றரை. அவளுக்கு வோல்ட் தெரியாது. ஆனால் எண் குறைந்தது தெரிந்தது. சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் பொட்டு வெச்சதாலயா?"

அப்போதாவது நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"பின்ன? ஊரெல்லாம் செவ்வாய், சனின்னு என் உயிர எடுத்தீங்களே, செவ்வாயும் சனியும் உன் கையிலதான் இருந்திருக்கு! இது கம்மியா ஏறுச்சு, பொழச்சோம். இதே சந்தனம் இப்படி வழியாம அந்தாண்ட கால் பக்கம் வழிஞ்சிருந்தா ஜாஸ்தி ஏறியிருக்கும். லித்தியம் ஜாஸ்தி ஏறுனா இன்னா ஆகும் தெரியுமா? பத்திக்கும்! வீடு எரியும்! உன்ன யாரு இதுக்குப் பொட்டு வெக்கச் சொன்னது? இதுல எத்தன எடம் இருக்கு, சரியா அந்தத் திருகுமேலதான் வெக்கணுமா?"

"அதுதான் மூஞ்சி மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைக்கப் போனாள். அவள் கையைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அணைத்தேன்.

"நல்லபடியா போவணும்னு வெச்ச. நல்லாத்தான் போச்சு. வரதுக்குத்தான் வக்கில்ல."

"போறதுக்கு இல்லடி வெச்சேன்." அம்மாவின் குரல் சட்டென்று உடைந்தது. "நீ எப்படியும் போயிடுவ. யாரு சொன்னா கேக்கற? திரும்பி வரதுக்குத்தான் வெச்சேன். அன்னிக்கு அந்த வேன்ல ஏறும்போது 'போறேன்'னு சொல்லிட்டு ஏறுன. போயிட்டு வரேன்னு சொல்லுடின்னு பின்னாடியே கத்துனேன். சிரிச்சிக்கிட்டே போயிட்ட. இன்னி வரைக்கும் 'போறேன்'னுதான் சொல்ற. நீ சொல்லாதத யாராவது சொல்லணும் இல்ல?"

அவள் கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கும் வேன் கவிழ்ந்ததற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டயர் வெடித்தது, அவ்வளவுதான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? திரும்பி வருவதற்காக அவள் வைத்த பொட்டு திரும்பி வரும் வழியில்தான் என்னை நிறுத்தியிருக்கிறது என்பதை இப்போது என் வாயாலேயே கேட்டுவிட்டாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்கிற வாய் இல்லை எனக்கு. அடுக்களைக்கு உருட்டிக்கொண்டு போய் அந்த டப்பாவின் மூடியைத் தேடி எடுத்தேன். பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, காற்றுப் போக மூடியின் ஓரங்களில் மட்டும் ஓட்டை போட்டேன். பலகையை மறுபடி சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, அளந்து, டப்பாவை மூடினேன். மூடியின் நடுப்பகுதி ஓட்டையில்லாமல் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"இங்க வை" என்றேன். "இதுதான் மூஞ்சி. எவ்ளோ வேணாலும் வெச்சிக்கோ. தண்ணியா மட்டும் வெக்காத."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "நம்பர் எறங்காதே?"

மீட்டரை வைத்துக் காட்டினேன். அவள் பொட்டு வைத்தாள். இறங்கவில்லை. இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

செவ்வாய்க் காலை வாசலில் இறங்கும்போது அம்மா நிலைப்படியில் நின்றாள். நான் சாலையைப் பார்த்தபடி, "போயிட்டு வரேம்மா" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டேன்.

சாயந்தரம் லாட்ஜிலிருந்து கிளம்பும்போது பேட்டரி ஒயரை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன். ஈசான்ய லிங்கம் வந்தது. காது மோட்டாரிலேயே இருந்தது; முனகல் இல்லை. குபேர லிங்கம் வந்தது. அங்கே வரிசையில் நின்றவர்களையெல்லாம் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே தாண்டினேன். எதிரே டீக்கடையில் ராஜா அண்ணன் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றார்.

"கவி, ஏத்திக்கட்டுமா?"

"அடுத்த ஜென்மத்துல ஏத்திக்குங்கண்ணா!"

வாயு லிங்கத்தை நெருங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தில், சாலையோரமாக ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக எனக்கு முன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அந்த நடை எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் போய் நிறுத்தினேன். அம்மா மூச்சு வாங்கினாள்.

"இங்க இன்னா பண்ற?"

"பால் வாங்க வந்தேன்."

"பால் எங்க?"

அம்மா கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"தெனம் வருவியா?"

"நம்ம ஊரு எல்லை வரைக்குந்தான்" என்றாள், தப்புச் செய்தவள் மாதிரி. "தூரத்துல உன் லைட்டு தெரிஞ்சதும் குறுக்கால வீட்டுக்கு ஓடிடுவேன். இன்னிக்கு செவ்வாக்கெழம ஆச்சா, மனசு கேக்கல. கொஞ்சம் ஜாஸ்தி தூரம் வந்துட்டேன்."

தினமும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. அந்த மூட்டுவலிக் காலை வைத்துக்கொண்டு. நான் தனியாகப் போய்த் தனியாக வருகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேனே!

"ஏறு" என்றேன்.

"எங்க ஏறுறது?"

"மடியில உக்காரு."

"ஐயய்யோ, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நான் இன்னா கனம் கனக்கறேன்! நின்னுடப் போவுதுடி. அண்ணன் வேற வந்து உக்காந்திருக்கான்."

"நிக்காது. நான் கட்டுன பேட்டரி. ஏறும்மா."

கூச்சத்தோடு உட்கார்ந்தாள். என் கால்களுக்கு அவள் பாரம் தெரியவில்லை. தோளில் அவள் தலை சாய்ந்ததும், வியர்வையும் சாம்பிராணியும் கலந்த வாசனையும்தான் தெரிந்தன. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். மோட்டார் ஒரு கணம் யோசித்தது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு இழுத்தது. கிரிவலம் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குழந்தை கை காட்டியது; அம்மாவும் கை காட்டினாள்.

வீட்டு வாசலில் அண்ணன் கோபி போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தான். விளக்கு வெளிச்சம் மேலே விழவும் திரும்பினான். என் மடியில் அம்மாவைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

நான் அவனுக்காகவே யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் மடியிலிருந்தபடியே அதட்டினாள்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? கேட்டத் தொற. காலைல அவ வேலைக்குப் போவணும், வண்டிய சார்ஜ் போடணும்."

அண்ணன் கேட்டைத் திறந்தான்.